கம்பி வைக்க மறந்த ஜன்னல்

சி பிளாக் மூன்றாம் மாடி பதினான்காம் எண் வீட்டின் படுக்கையறைச் சுவரில் ஜன்னல் வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை. அன்று தண்ணீர் லாரி வரும் நாள் என்பதால், குடத்தோடு ஓடிக்கொண்டிருந்த எவரும் அதைக் கவனிக்கவில்லை. முதலில் பார்த்தவள் சகாயமேரி. பார்க்காமல் இருக்க அவளால் முடியாது, ஏனென்றால் ஒரு வருடம் இரண்டு மாதமாக அந்தச் சுவரைப் பார்த்தபடியேதான் ஒருக்களித்துப் படுத்திருந்தாள். அதுவரை அங்கே கையகலத்துக்கு ஊறிய ஈரமும், வண்ணம் அடித்தவர்கள் அவசரத்தில் விட்டுப்போன பிரஷ் முடி ஒன்றும்தான் இருந்தன. இப்போது பச்சை வண்ணம் அடித்த மரச்சட்டத்தோடு, நான்கு மூலையும் சரியாக, கம்பியில்லாமல் ஒரு ஜன்னல் இருந்தது. அதற்கு அந்தப் பக்கம், நியாயப்படி டி பிளாக்கின் கழிவுநீர்க் குழாய் இருக்க வேண்டிய இடத்தில், கண்ணுக்கு எட்டிய தூரம்வரை பனி மூடிய காடு இருந்தது.

சகாயமேரி அதை நெடுநேரம் பார்த்தாள். பிறகு சமையலறைப் பக்கம் திரும்பாமலே, "கிருபா, ஜன்னல மூடு, குளுருது" என்றாள்.

மகள் தேவகிருபை கையிலிருந்த அரிசியைக் கழுநீரோடு சேர்த்துக் கொட்டிவிட்டாள். ஜன்னலுக்காக அல்ல, அம்மா தானாக வாய் திறந்து பதினோரு நாளாகியிருந்தது.

சகாயமேரி இருபத்திரண்டு வருடம் ஆற்றோரப் பாலத்தடியில் மீன் விற்றவள். அவள் குரல் மூன்றாவது சிக்னல்வரை கேட்கும் என்பார்கள். வஞ்சிரம் கேட்டு வந்தவனைத் திட்டித் திட்டியே சங்கரா வாங்க வைத்து, போகும்போது அவன் பிள்ளைக்கென்று நாலு இறாலையும் பையில் போட்டு அனுப்புகிறவள். ஆற்றோரக் குடிசைகளை ஒரே காலையில் இடித்து, எல்லோரையும் லாரியில் ஏற்றி, இருபத்தைந்து கிலோமீட்டர் தள்ளி இந்த ஆறுமாடிக் கட்டடங்களில் இறக்கிவிட்டபோது, அவளுக்குச் சுவர் கிடைத்தது, கூரை கிடைத்தது, பாலம் கிடைக்கவில்லை. முதல் மாதம் கோபமாக இருந்தாள், இரண்டாம் மாதம் களைப்பாக இருந்தாள், மூன்றாம் மாதம் படுத்துவிட்டாள். டாக்டர் பார்த்துவிட்டு உடம்பில் ஒன்றுமில்லை என்றார். ஒன்றுமில்லாத உடம்பு நாளுக்கு ஒரு பிடி சோறோடு கரைந்துகொண்டே வந்ததைப் பார்த்து, இந்த வருஷம் முடிவதற்குள் அம்மா போய்விடுவாள் என்று கிருபை பயந்துபோயிருந்தாள்.

கிருபைக்கு இருபத்தெட்டு வயது. ஊருக்குள் பெரிய டைல்ஸ் கடை ஒன்றில், யாரும் குடியிருக்காத ஹாலையும் யாரும் குளிக்காத குளியலறையையும் பார்வைக்காக ஜோடித்து வைப்பது அவள் வேலையாக இருந்தது. இங்கிருந்து போக இரண்டரை மணி, வர இரண்டரை மணி, நடுவில் அம்மாவுக்குத் தண்ணீர் கொடுக்க ஆளில்லை என்றானதும் வேலையை விட்டாள். மூடப்போகும் பிரவுசிங் சென்டரிலிருந்து வந்த பழைய கம்ப்யூட்டர் ஒன்று வீட்டில் இருந்தது. ஜோடித்துப் பழகிய கை சும்மா இருக்குமா, அதில் ஒரு விளையாட்டுக்குள் போய் ஜோடிக்க ஆரம்பித்தாள்.

அந்த விளையாட்டை உலகம் முழுக்க லட்சக்கணக்கில் விளையாடினார்கள். விஷயம் இவ்வளவுதான்: ஒரு மனிதன் பனிக்காட்டில் தனியாகக் கண் விழிக்கிறான்; அவனுக்குப் பசிக்கும், குளிரும், ஓநாய் வரும்; மரம் வெட்டி, கல் பொறுக்கி, குடிசை போட்டு, எத்தனை நாள் சாகாமல் தாக்குப்பிடிக்கிறான் என்று பார்க்க வேண்டும். விளையாட்டைச் செய்த கம்பெனி சுவர் கொடுத்தது, கூரை கொடுத்தது, அடுப்பு கொடுத்தது, பிழைத்துக் கிடக்க அதற்குமேல் என்ன வேண்டும் என்று அத்தோடு விட்டுவிட்டது. அதைப் பார்த்ததும் கிருபைக்குத் தன் சொந்த வீட்டுக்குள் நுழைந்த மாதிரியே இருந்தது. கம்பெனி கொடுக்காததை விளையாடுகிறவர்களே செய்து உள்ளே சேர்ப்பதற்கு மாட் என்று பெயர். அவள் செய்த மாட்களெல்லாம் ஜோடனைதான்: பூப்போட்ட திரை, டம்ளர் கவிழ்க்கும் ஸ்டாண்டு, தேதி கிழிக்கும் காலண்டர், துணி காயப்போடும் கொடி, பெயின்ட் டப்பாவில் வைத்த செம்பருத்திச் செடி. எங்கெங்கோ இருந்து அவற்றை இறக்கிக்கொண்டவர்கள், இந்தத் திரை குளிரை எத்தனை புள்ளி குறைக்கும் என்று எழுதிக் கேட்பார்கள். குறைக்காது, அது திரை, என்று கிருபை பதில் எழுதுவாள்.

ஜன்னலை அம்மாவுக்காகத்தான் செய்தாள், ஆனால் அம்மாவிடம் சொல்லவில்லை. அம்மா பார்த்துக்கொண்டு கிடந்த அந்தச் சுவரையே செல்போனில் படமெடுத்து, ஈரக்கறையும் பிரஷ் முடியும் அப்படியே தெரியும்படி விளையாட்டுக் குடிசையின் சுவரில் ஒட்டி, மறந்துபோகாமலிருக்க சி-3-14 என்று பேரும் வைத்து, அதில் சதுரமாக ஓட்டை போட்டு மரச்சட்டம் பொருத்தினாள். அடுத்துக் கம்பி வைக்க வேண்டும். மூன்றாம் மாடியானாலும் முப்பதாம் மாடியானாலும் நம் ஊரில் கம்பியில்லாத ஜன்னலை யார் வைப்பார்கள்? ஆனால் அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது, கரண்ட் வந்தபோது குக்கர் விசில் அடித்தது, அவள் அப்படியே சேமித்து விளையாட்டுக்குள் அனுப்பிவிட்டு எழுந்துபோனாள். மறுநாள் செவ்வாய்க்கிழமை.

தண்ணீர் டோக்கன் கேட்க வந்த பக்கத்து வீட்டு ஷமீம்தான் அதைப் பார்த்த முதல் வெளியாள். அவள் இட்லி மாவு அரைத்து விற்கிறவள். ஜன்னலுக்குக் கிட்டே போய், கையை வெளியே நீட்டி, உள்ளங்கையில் விழுந்த பனியை மோந்து பார்த்து, "நல்லாத்தான் கீது, மாவு புளிக்காது" என்று சொல்லிவிட்டு, பத்து நிமிஷத்தில் இரண்டு குண்டான் மாவோடு திரும்பி வந்து விளிம்பில் வைத்தாள். வெள்ளிக்கிழமைக்குள் அந்த விளிம்பில் பூக்காரியின் மல்லிகைக் கூடையும் யாரோ ஒருவரின் இன்சுலின் ஊசியும் இருந்தன. சனிக்கிழமை எதிர்வீட்டார் தங்களுக்கும் ஒன்று வேண்டும் என்று நேராகவே கேட்டுவிட்டார்கள். கிருபை அவர்கள் வீட்டுச் சுவரைப் படமெடுத்தாள், பேர் வைத்தாள், ஓட்டை போட்டாள், காலையில் அவர்களுக்கும் பனி பெய்தது. இப்படியே ஒரு மாதத்தில் சி பிளாக்கில் பத்தொன்பது ஜன்னல். எல்லோரும் மறக்காமல் கம்பி கேட்டு வாங்கினார்கள். பதினான்காம் எண்ணுக்கும் போடலாம் என்று கிருபை உட்கார்ந்தபோது சகாயமேரிதான் வேண்டாம் என்றாள், கம்பி போட்டால் ஜெயில் மாதிரி இருக்கும் என்றாள். அப்போது அவள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள், படுத்துக்கொண்டு அல்ல.

ஜன்னல் என்று வந்துவிட்டால் சண்டை வராமலிருக்குமா? பிளாக் சங்கத் தலைவர் கன்னியப்பன் கூட்டம் போட்டார். பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர், இப்போதும் எதைச் சொன்னாலும் டிக்கெட் கிழித்துக் கொடுப்பதுபோல ஒவ்வொன்றாகத்தான் சொல்வார். ஜன்னல் வழியாகக் குப்பை கொட்டக் கூடாது. ஈரத்துணியை வெளியே போடக் கூடாது, உறைந்து பலகையாகிவிடுகிறது. ஓநாய்க்கு யாரும் எலும்பு போடக் கூடாது, போட்டால் தினமும் வரும். கூட்டம் முழுமனதாகத் தலையாட்டியது, அன்று சாயங்காலமே முதல் மாடிக்காரர்கள் ஓநாய்க்கு எலும்பு போட்டு அதற்கு மணி என்று பேரும் வைத்தார்கள். அந்தக் காட்டில் நாற்பது நிமிஷத்துக்கு ஒரு முறை சூரியன் உதித்து மறையும், விளையாட்டில் நாளென்பது அவ்வளவுதான். ஷமீமின் நோன்பு மாதத்தில், அக்கா சூரியன் இறங்கிடுச்சு, பேரீச்சம்பழத்தை எடு என்று பிள்ளைகள் மதியம் இரண்டு மணிக்கே கேலி செய்வார்கள். அது அவங்க சூரியன், நம்ம சூரியன் மொட்டை மாடிக்கு மேலே நிக்குது, என்று அவள் சிரித்துக்கொண்டே வேலையைப் பார்ப்பாள்.

அனுமதியில்லாமல் சுவரை உடைத்திருக்கிறார்கள் என்று யாரோ மனுப் போட்டு, அளப்பதற்கு ஒரு அதிகாரியும் வந்தார். உள்ளே நின்று டேப் வைத்தால் மூன்றடிக்கு நான்கடி ஜன்னல். கீழே இறங்கிப்போய் அண்ணாந்து பார்த்தால் வெறும் சுவர். மூன்று தடவை ஏறி இறங்கினார், லிஃப்ட் வேலை செய்யாததால் அவருக்கு மூச்சு வாங்கியது. கடைசியில், ஜன்னல் எதுவும் இல்லை, காற்று வருகிறது, என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, தன் தண்ணீர் பாட்டிலில் கொஞ்சம் பனி நிரப்பிக்கொண்டு போனார்.

ஜன்னலுக்கு அந்தப் பக்கம் ஒருவன் வந்தது அதற்கடுத்த வாரம். கரடித்தோலைப் போர்த்திக்கொண்டு, தாடியெல்லாம் பனி பிடித்து, இடுப்பில் கோடரியோடு மரங்களுக்கிடையில் நடந்துவந்தான். தலைக்கு மேலே எந்தப் பாஷை என்று தெரியாத நாலைந்து எழுத்து, ஈ மொய்ப்பதுபோலக் கூடவே மிதந்து வந்தது. மரத்தில் முட்டிக்கொள்வான், இரண்டடி பின்னால் போவான், மறுபடி அதே மரத்தில் முட்டிக்கொள்வான். கிருபைக்குப் பார்த்தவுடனே தெரிந்தது, பூமிக்கு அந்தப் பக்கத்தில் யாரோ ஒருவர் விசைப்பலகையைத் தட்டி ஓட்டுகிற ஆள் அவன். சகாயமேரிக்குத் தெரிந்தது வேறு. கன்னம் ஒட்டிப்போன ஒருவன் பச்சை மரப்பட்டையை உரித்துத் தின்றுகொண்டிருக்கிறான்.

இரண்டு நாள் பொறுத்துப் பார்த்தாள். மூன்றாம் நாள் அவன் ஜன்னலுக்கு எதிரே வந்து, உள்ளே பார்த்தபடி நின்றான். மகள் தனக்கென்று போட்டு வைத்த சோற்றை எடுத்து, நெத்திலிக் குழம்பை ஊற்றிப் பிசைந்து, எழுந்து நின்று, கையை ஜன்னலுக்கு வெளியே நீட்டினாள் சகாயமேரி. அவள் எழுந்து நின்றதைப் பார்த்துவிட்டுக் கிருபை கதவோரத்திலேயே உறைந்து போனாள், கூப்பிட்டால் எங்கே மறுபடி படுத்துவிடுவாளோ என்று மூச்சைக்கூட அடக்கிக்கொண்டாள்.

"துன்னு நைனா. காட்டுல இன்னா கெடச்சிடும் உனக்கு? மரத்தப் போயி கடிச்சிகினு கீற."

அவன் தின்றான். மறுநாளும் வந்தான், அதற்கு மறுநாளும் வந்தான். பேர் கேட்டாள், ஊர் கேட்டாள், அவன் ஒன்றும் சொல்லவில்லை, அதனால் நைனா என்றே நிலைத்தது. தன் பங்கு ஒரு பிடிச் சோறு இரண்டு பேருக்குக் காணாது என்று தட்டு நிறையப் போடச் சொன்னாள், அவனோடு அவளும் சேர்ந்து சாப்பிட வேண்டியதாயிற்று. நெத்திலியை வைத்து எத்தனை நாள் ஓட்டுவது, அவன் உடம்புக்குச் சதையுள்ள மீனாக வேண்டும் என்று ஒருநாள் விடியற்காலை ஷேர் ஆட்டோவில் அவளே துறைமுகத்துக்குப் போனாள். போனவள் நைனாவுக்கு மட்டுமா வாங்குவாள்? ஒரு கூடை வாங்கி வந்தாள், ஜன்னல் விளிம்புப் பனியில் புதைத்து வைத்தாள், ஏ பிளாக்கிலிருந்து எஃப் பிளாக்வரை நடந்து விற்றாள். பாலத்தடிக் குரல் ஆறு மாடியும் ஏறிக் கேட்டது. வஞ்சிரம் கேட்டவர்களெல்லாம் திட்டு வாங்கிக்கொண்டு சங்கரா வாங்கிப் போனார்கள். கிருபைக்கு அந்தத் திட்டைக் கேட்கக் கேட்க நெஞ்சு நிறைந்தது, சமையலறையில் நின்று வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

கம்ப்யூட்டரில் அவனை ஓட்டுகிறவனிடமிருந்து ஒருநாள் கடிதம் வந்தது. உங்கள் ஜன்னலில் ஒரு அம்மா இருக்கிறார், என்னைத் திட்டுகிறார், பிறகு ஊட்டுகிறார், இதை எப்படிச் செய்தீர்கள் என்று கேட்டிருந்தான். நான் செய்யவில்லை, அவர் அப்படித்தான், என்று கிருபை எழுதினாள்.

ஐந்து மாதம் இப்படிப் போனது. ஆறாம் மாதம் கம்பெனி அறிவிப்பு வந்தது: வருகிற ஞாயிற்றுக்கிழமை புதுப் பதிப்பு. மாட் செய்கிற எவரும் அந்த வார்த்தைக்குப் பயப்படுவார்கள், ஏனென்றால் பதிப்பு மாறும்போதெல்லாம் ஆசை ஆசையாகச் செய்து வைத்த நாற்காலி அந்தரத்தில் தொங்கும், திரை இருந்த இடத்தில் வெறும் கட்டம் தெரியும், கூரை காணாமல் போகும். இந்த முறை கம்பெனி இன்னும் தெளிவாகவே எழுதியிருந்தது. வெளியார் போட்ட திறப்பு எதையும் இனிச் சுவர் ஏற்காது. பழைய காடுகள் மொத்தமாக அழிக்கப்படும், எல்லோரும் புது ஆளோடு முதல் நாளிலிருந்து தொடங்க வேண்டும்.

கிருபை இதைச் சங்கக் கூட்டத்தில் சொன்னாள். அவர்கள் கேட்டதெல்லாம் கேட்டுப் பழகிய கேள்விகள்: எத்தனை நாள் நோட்டீஸ் கொடுத்திருக்கிறார்கள், மாற்று இடம் உண்டா, டோக்கன் தருவார்களா, சுவரில் சிவப்பு மையால் நம்பர் போட ஆள் வருமா. கோர்ட்டில் தடை வாங்க முடியுமா என்று கன்னியப்பன் கேட்டார். முடியாது என்றதும், யாரும் கத்தவில்லை, ஞாயிறு எத்தனை மணிக்கு என்று மட்டும் கேட்டுக்கொண்டு எழுந்து போனார்கள்.

ஆற்றோரத்து ஜனங்களுக்கு இடிப்பு நாளில் ஒரு வழக்கம் உண்டு. எந்த வீட்டை இடிக்க யார் வந்து நின்றாலும் முதலில் ஆட்களை எடுப்பார்கள், அப்புறம் அடுப்பு, அப்புறம் பாத்திரம், தகரமும் நிலைக்கதவும் கடைசி. எடுத்த ஆளைப் பக்கத்து வீடு தன் வீட்டு ஆளாக வைத்துக்கொள்ள வேண்டும், ஏன் எதற்கு என்று கேட்கக் கூடாது. சகாயமேரியே ஆறு வயதில் அப்படி எடுத்து வைக்கப்பட்டவள். சனிக்கிழமை பிளாக் முழுவதும் மாவையும் பூவையும் ஊசி மருந்தையும் ஜன்னல்களிலிருந்து எடுத்து உள்ளே வைத்துக்கொண்டிருந்தபோது, அவள் மீன்கூடையைத் தொடாமல் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நைனாவ இந்தாண்ட எடுத்துர்லாம்" என்றாள்.

கிருபைக்கு இதற்குத்தான் பயமாக இருந்தது. அவன் ஆளே இல்லை என்று எடுத்துச் சொன்னாள். எங்கேயோ ஒருத்தன் உட்கார்ந்து ஓட்டினால் நடப்பான், விட்டுவிட்டால் நின்றுவிடுவான், அவனுக்கென்று பசியும் இல்லை குளிரும் இல்லை, எல்லாம் ஒரு கணக்குப் புள்ளி, ஓட்டுகிறவனுக்குத் திங்கட்கிழமை வேறொரு ஆள் கிடைத்துவிடும் என்றாள். சகாயமேரி கோபப்படாமல் கேட்டுக்கொண்டாள்.

"நம்மள லாரில ஏத்தி அனுப்சவனும் எங்கியோ குந்திகினுதான் அனுப்சான்" என்றாள். "ஏறுன்னான் ஏறுனோம், எறங்குன்னான் எறங்குனோம். அதுக்கோசரம் நாம மனுசங்க இல்லன்னு ஆயிடுமாடி?"

கிருபை போய், அந்த ஓட்டுகிறவனுக்கு எழுதினாள்: ஞாயிறு எங்கள் நேரம் பதினோரு மணிக்கு அவனை ஜன்னலோரம் கொண்டுவந்து நிறுத்துங்கள்.

நிறுத்தினான். ஆனால் அந்த விளையாட்டில் ஏறுவது என்பதே கிடையாது. அவன் ஜன்னல் விளிம்பில் முட்டினான், பின்னால் போனான், மறுபடி முட்டினான். எல்லா வீட்டிலும் கம்பி இருக்க, இந்த ஒரு ஜன்னலில்தான் வழி இருந்தது. சகாயமேரி ஒரு தோளையும் ஷமீம் ஒரு தோளையும் பிடித்து இழுத்தார்கள், இழுத்தால் வரவில்லை, அப்படிக் கனத்தான். அவன் மூட்டையில் நாற்பது கட்டை விறகும் எண்ண முடியாத கல்லும் ஏழு கோடரியும் இருந்தன. விளையாடுகிறவர்கள் எல்லோரும் அப்படித்தான், நாளைக்கு இல்லாமல் போய்விடும் என்று சேர்த்துக்கொண்டே இருப்பார்கள். மூட்டையை அறுத்துவிடச் சொன்னாள் சகாயமேரி. கிருபை மீன் வெட்டும் கத்தியால் அறுத்தாள், கல்லெல்லாம் பனியில் கொட்டியது, உதவிக்கு வந்த கன்னியப்பன் இடுப்பைப் பிடித்துத் தூக்க, கரடித்தோலோடு அவன் கட்டில்மேல் வந்து விழுந்தான். எல்லோரும் மூச்சு வாங்கிவிட்டுத் திரும்பிப் பார்த்தபோது அங்கே ஈரக்கறை படிந்த சுவர் இருந்தது. சத்தம் எதுவும் கேட்கவில்லை. தரையில் இரண்டு அங்குலம் பனி கிடந்தது, அது உருகி வழிந்ததை ஷமீம் துணி போட்டுத் துடைத்தாள்.

அவனை எழுப்பி நிறுத்தினார்கள். தலைக்கு மேலிருந்த எழுத்துகள் போய்விட்டன. நிறுத்திய இடத்தில் நின்றான், நின்றவன் அசையவில்லை.

பிளாக் அவனை ஏற்றுக்கொள்ள ஒரு பொழுதுகூட ஆகவில்லை. இரண்டாம் எண்ணிலிருந்து லுங்கி வந்தது, எதிர்வீட்டிலிருந்து சட்டை வந்தது, கரடித்தோலைத் துவைத்து மொட்டை மாடியில் காயப்போட்டார்கள். கன்னியப்பன் சங்க நோட்டில், சி-3-14, கூடுதல் ஒருவர், உறவினர், என்று எழுதிக்கொண்டார். தர்காவில் மந்திரித்த ஒரு கயிறும் மாதா கோவிலிலிருந்து கொஞ்சம் எண்ணெயும் வந்தன. எல்லாம் வந்தது, அவன்தான் வரவில்லை. கண் திறந்திருக்கும், இமைக்காது. சகாயமேரி ஊட்டினால் சோறு உதட்டில் நின்று கீழே விழும். முதல் நாள் அவனைத் திட்டினாள். இரண்டாம் நாள் கெஞ்சினாள், நைனா ஒரு வாய், எனக்காக ஒரே ஒரு வாய் என்றாள். மூன்றாம் நாள் அவன் காலடியில் உட்கார்ந்துகொண்டு, அங்கேயே விட்டிருந்தால் பனியிலாவது நிம்மதியாகப் போயிருப்பான், நான்தான் பிடித்து இழுத்துவந்து இப்படி நிறுத்திவிட்டேன் என்று மகளிடம் சொன்னாள். நான்காம் நாள் மீன் எடுக்கப் போகவில்லை. ஐந்தாம் நாள் கட்டிலில் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

கிருபை அந்த ஐந்து நாளும் கம்ப்யூட்டரை விட்டு எழவில்லை. அதே சுவரைப் படமெடுத்தாள், அதே பேர் வைத்தாள், அதே அளவில் ஓட்டை போட்டாள். போட்ட ஜன்னலெல்லாம் திரைக்குள் மட்டுமே திறந்தது. ஓட்டினவனிடமிருந்து கடிதம் வந்திருந்தது: எனக்குப் புது ஆள் கிடைத்துவிட்டான், நன்றாக இருக்கிறான், பழையவன் என்ன ஆனான்? எங்கள் வீட்டில் நின்றுகொண்டிருக்கிறான் என்று அவள் எழுதினாள், அவன் அதை வேடிக்கையாக எடுத்துக்கொண்டு சிரித்த முகம் ஒன்றை அனுப்பினான். அவள் எழுந்து சோறு வடித்தாள், இருந்த மீனில் ஒரு குழம்பு வைத்தாள், தட்டில் போட்டு அம்மாவின் தலைமாட்டில் கொண்டுபோய் வைத்தாள். அம்மா, என்றாள். அம்மா, எழுந்துரு, என்றாள். அந்த முதுகு அசையவில்லை. ஜன்னலே வராமலிருந்தால் ஒரு தடவைதான் அம்மாவை இழந்திருப்பேன், இப்போது இரண்டாம் தடவை இழக்கிறேன் என்று அவளுக்குத் தோன்றியது. அந்த எண்ணத்தைத் தாங்க முடியாமல் வாசற்படியில் போய் உட்கார்ந்து, பட்டப்பகலில் மாடிப்படியில் போகிறவர்கள் வருகிறவர்கள் பார்க்க, வாய்விட்டு அழுதாள்.

உள்ளே தட்டு நகரும் சத்தம் கேட்டது.

திரும்பிப் பார்த்தாள். நின்றுகொண்டிருந்தவன் முழங்காலை மடித்து, மடிக்கத் தெரியாமல் மடித்து, கட்டிலோரம் தரையில் உட்கார்ந்திருந்தான். தட்டை மடியில் இழுத்து வைத்திருந்தான். கடைசியில் பசி வந்துவிட்டது என்று அவள் மனசு குதித்தது. அவன் விரல்களைச் சோற்றில் விட்டுக் குழம்போடு சேர்த்துப் பிசைந்தான், பாதி தரையில் சிந்தியது, மீதியை உருட்டினான். உருட்டியதைத் தன் வாய்க்குக் கொண்டுபோகவில்லை. எழும்பி, கட்டிலுக்கு மேலே கையை நீட்டி, படுத்திருந்தவளின் தோளைத் தாண்டி, சுவரைப் பார்த்துத் திரும்பியிருந்த முகத்துக்கு நேரே கொண்டுபோய்ப் பிடித்தான். கிருபை அந்த விளையாட்டை எலும்பு எலும்பாகக் கழற்றிப் பார்த்தவள்; எடுப்பது உண்டு, வெட்டுவது உண்டு, தின்பது உண்டு, வீசி எறிவதும் உண்டு, அதில் எங்கேயும் இன்னொருவருக்குக் கொடுப்பது என்ற ஒன்று கிடையாது.

சகாயமேரி வாயைத் திறக்கவில்லை. அவனும் கையை இழுத்துக்கொள்ளவில்லை. குழம்பு மணிக்கட்டில் வழிந்து தலையணையில் சொட்டியது, சட்டைக் கையெல்லாம் நனைந்தது, அவன் அப்படியே பிடித்துக்கொண்டிருந்தான். வாசலில் ஷமீம் வந்து நின்றாள், அவளுக்குப் பின்னால் இன்னும் இரண்டு பேர், யாரும் உள்ளே வரவில்லை.

நெடுநேரம் கழித்துச் சகாயமேரி திரும்பினாள். அந்தக் கையைப் பார்த்தாள், கைக்குப் பின்னாலிருந்த முகத்தைப் பார்த்தாள். வாயைத் திறந்து வாங்கிக்கொண்டாள். மெதுவாக மென்றாள், விழுங்கினாள்.

"கொழம்புல புளி ஏறிப்போச்சி. யார்டி வச்சது?"

"நான்தாம்மா" என்றாள் கிருபை.

"நாளைக்கு நான் வக்கிறேன்" என்று சொல்லிக்கொண்டே கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்து, அவிழ்ந்து கிடந்த முடியை அள்ளி முடிந்தாள் சகாயமேரி. பிறகு அவன் பக்கம் திரும்பி, "எனக்கு ஊட்டினது போதும், நீ துன்னு மொதல்ல" என்றாள். அவன் அடுத்த கவளத்தையும் அவளுக்கே நீட்டினான். அவள் திட்டிக்கொண்டே அதையும் வாங்கிக்கொண்டாள்.